கார்ன் ஃப்ளேக்ஸ் பிறந்த ஆஸ்பத்திரி

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் காலை உணவு என்றதும் கார்ன் ஃப்ளேக்ஸும் பாலும்தான் நம் கண்ணில் வரும், இல்லையா? 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓரளவு வசதியான வீட்டில் விடிந்ததும் உப்புக்கண்டமான பன்றி இறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு, சோள ரொட்டி என்று மேசை நிறைந்திருக்கும். வயலில் பாடுபட்டவனுக்கு அது செரித்தது, நகரத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியவன் நெஞ்செரிச்சலோடு அலைந்தான்.

அப்போதுதான் வைத்தியர்கள் சமையலறைக்குள் நுழைந்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற டாக்டர் 1863இல் தவிட்டுக் கோதுமை மாவைச் சுட்டு உடைத்து 'கிரானுலா' என்று கொடுத்தார். அதை ராத்திரியே ஊறவைக்காவிட்டால் பல்லுக்கு ஆபத்து!

அப்புறம் மிஷிகனில் பேட்டில் க்ரீக் என்ற ஊர். அங்கே ஒரு பெரிய சுகவாச நிலையத்தை நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், இறைச்சி கூடாது, காபி கூடாது, மசாலா கூடவே கூடாது, அது காமத்தைக் கிளப்பும் என்று மனதார நம்பியவர். அவரும் தம்பி வில்லும் 1894இல், வேகவைத்து ஆறிப்போன கோதுமையை உருளையில் விட்டு நசுக்கியபோது அது செதில் செதிலாக வந்தது. நோயாளிகளுக்குப் பிடித்துவிட்டது. பிறகு அதே முறையில் சோளத்திலும் செய்தார்கள், அதுதான் கார்ன் ஃப்ளேக்ஸ். அங்கே வைத்தியத்துக்கு வந்து தங்கிய சி. டபிள்யூ. போஸ்ட்டோ வெளியே போய் சொந்தமாகத் தானிய உணவுக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். தம்பி வில்லுக்கு எப்படி இருந்திருக்கும்! அவரும் 1906இல் தனிக் கம்பெனி தொடங்கி, செதிலில் சர்க்கரை சேர்த்தார். அண்ணனுக்குச் சர்க்கரை விஷம் மாதிரி, ரெண்டு பேரும் கோர்ட்டு வரை போனார்கள். எனக்கென்னவோ வியாபாரத்தில் தம்பிதான் கெட்டிக்காரர்.

சரி, இறைச்சி என்ன ஆனது? 1920களில் பீச்-நட் என்ற கம்பெனிக்குப் பன்றி இறைச்சி விற்றாக வேண்டும். அவர்களுக்கு விளம்பர ஆலோசகராக இருந்த எட்வர்ட் பெர்னேஸ், ஒரு டாக்டரை வைத்தே நாடெங்கும் உள்ள டாக்டர்களுக்குக் கடிதம் போட வைத்தார்: காலையில் லேசாகச் சாப்பிடுவது நல்லதா, பலமாகச் சாப்பிடுவது நல்லதா? சுமார் 4,500 பேர் பலமாக என்றார்களாம், அவரே பின்னாளில் சொன்ன கணக்கு. அது பத்திரிகைகளில் செய்தியாக வந்தது, கூடவே பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சியும் முட்டையும் நல்லது என்ற பேச்சும். கேள்வியைக் கவனித்தீர்களா, பன்றி இறைச்சியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.