பந்தை ஊதாதீங்க மக்களே, உறிஞ்சுங்க!

வணக்கம் மக்களே! இன்னிக்குக் கொஞ்சம் கோவமாத்தான் வந்திருக்கேன். போன வீடியோவுல காட்டுன மூணு பந்து ஸ்பைரோமீட்டரை, அதான் அந்த மூச்சுப் பயிற்சி டப்பாவை, வாங்கிட்டீங்க, சந்தோஷம். ஆனா பாதிப் பேர் அதை ஊதுறீங்க! ஊதுனா பந்து அசையாது. உடனே "300 ரூபா தண்டம், டப்பா ரிப்பேர்"னு புலம்பல். டப்பா நல்லாத்தான் இருக்கு. அது உறிஞ்சுற டப்பா.

சும்மா உக்காந்திருக்கும்போது மூச்சை இழுக்கத்தான் தசை வேணும். வெளிய விடத் தசை வேண்டாம், விரிஞ்ச நுரையீரல் ரப்பர் மாதிரி தானா சுருங்கிக்கும். இருமல், தும்மல், ஓட்டம்னாதான் வயித்துத் தசை வந்து அமுக்கும். இழுக்குறதுல பெரிய ஆளு உதரவிதானம், டயாப்ரம். நுரையீரலுக்கு அடியில குடை மாதிரி கவிழ்ந்து கிடக்கும். சுருங்குனா தட்டையாகிக் கீழ இறங்கும்: சாதாரண மூச்சுல 1, 2 சென்டிமீட்டர், ஆழமா இழுத்தா அதைவிடப் பல மடங்கு. குடலை எல்லாம் அது தள்ளுறதாலதான் வயிறு முன்னால வருது. காத்து வயித்துக்குள்ள போறதில்ல!

அட, வெளி விலாத் தசையை விட்டுட்டேனே. வாளிக் கைப்பிடியைத் தூக்குற மாதிரி விலா எலும்பை மேல தூக்கி, நெஞ்சை அகலமாக்குறது அதுதான்.

இப்ப டப்பாவுக்கு வாங்க. நிமிர்ந்து உக்காருங்க. மூச்சை நிதானமா வெளிய விட்டுட்டு, குழாயைச் சுத்தி உதட்டை இறுக்கி, மெதுவா உறிஞ்சுங்க. பந்தை 3 வினாடி மேலயே நிறுத்துங்க. குழாயை எடுத்துட்டு மூச்சை விடுங்க. டப்பா மேல இருக்குற 600, 900, 1200 எல்லாம் வினாடிக்கு எத்தனை சிசி (மில்லிலிட்டர்) காத்துங்கிற வேகக் கணக்கு. எவ்வளவு காத்து உள்ள போச்சுங்கிறது இல்ல. மூணையும் படார்னு தூக்கிப் போடுற வீரம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரே பந்து, ரொம்ப நேரம் மேல நின்னா, அடி நுரையீரல் வரைக்கும் விரியும்.

தோள் காது கிட்ட ஏறுதா? கழுத்துத் தசையால மூச்சை இழுக்குறீங்க. ஒரு கையை வயித்துல வைங்க, அந்தக் கை நகரணும்.

முக்கியமானது சொல்லலையே! டப்பாவைச் சாய்க்காதீங்க. சாய்ச்சா பந்து சுலபமா ஏறும், அது கள்ளாட்டம். தலை சுத்துனா நிறுத்துங்க. வேகவேகமா இழுத்து விட்டதுல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிருக்கும். ஆபரேஷன் ஆனவங்க எத்தனை தடவைன்னு டாக்டர் சொன்ன கணக்குலயே போங்க.

அப்புறம் அந்த 300 ரூபாயை மிச்சம் பண்றேன்னு ஒரே குழாயை வீட்ல எல்லாரும் மாத்தி மாத்தி ஊதாதீங்க. சே, எனக்கும் வாய் குழறுது. உறிஞ்சாதீங்க!