தமனிச் சுவரைப் படிக்கும் காந்தம்

நேயர்களுக்கு வணக்கம். கதிரியக்கவியல் மருத்துவரான என்னிடம் ஸ்கேன் அறிக்கையோடு வருபவர்கள் முதலில் கேட்பது, 'எத்தனை சதவீதம் அடைப்பு, டாக்டர்?' என்பதுதான். அந்த எண் இரத்தம் ஓடும் வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைச் சொல்லும். கொழுப்புப் படிந்து நோய் வளர்கிற இடமாகிய தமனிச் சுவரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

1987இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் சீமோர் கிளாகோவும் அவருடைய குழுவினரும், பிரேதப் பரிசோதனையில் கிடைத்த 136 இதயங்களின் இடது முதன்மைத் தமனியை அளந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். படிவு வளர வளரத் தமனி வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது; படிவு ஏறத்தாழ 40 சதவீதப் பரப்பைப் பிடிக்கும் வரை உள்வழி குறுகாமலே இருக்கக்கூடும். சாயம் செலுத்தி உள்வழியை மட்டும் பார்க்கும் ஆஞ்சியோகிராமில் அத்தகைய தமனி ஆரோக்கியமானதாகவே தெரியும்.

ஊசியோ வடிகுழாயோ தமனிக்குள் நுழையாமல் சுவரைப் பார்க்க எம்.ஆர்.ஐ. உதவுகிறது. வலிமையான காந்தப்புலத்தில் நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வானொலி அலைகளால் தூண்டி, அவை திருப்பி அனுப்பும் குறிப்பலையைப் படமாக்குகிறோம். 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் அந்த அலையின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். உங்கள் வீட்டுப் பண்பலை நிலையங்களுக்குச் சற்றே கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரை ஒட்டி ஓடும் இரத்தமும் ஒளிர்ந்தால் சுவரின் விளிம்பு தெளிவாகத் தெரியாது. ஆகவே, படமெடுக்கும் குறுக்குவெட்டுக்குள் புதிதாகப் பாய்ந்து வரும் இரத்தத்தின் குறிப்பலை சுழியாகும் நொடியைக் கணக்கிட்டுப் படமெடுக்கிறோம். 'கருப்பு இரத்த' முறை என்பது இதுதான். திரையில் கழுத்துத் தமனி ஒரு கருந்துளையாகவும், அதைச் சுற்றிய சுவர் சாம்பல் வளையமாகவும் தெரியும். படிவுக்குள் அண்மையில் இரத்தம் கசிந்திருந்தால், அந்த வளையத்தின் ஒரு பக்கம் மூன்றாம் பிறை போலப் பளிச்சிடும். சிதைந்த ஹீமோகுளோபின், 'டி1' எனப்படும் ஒருவகை எம்.ஆர்.ஐ. படத்தில் காட்டும் ஒளி அது. சுண்ணாம்புப் படிவு எல்லா வகைப் படத்திலும் கருமையாகவே இருக்கும். படத்தில் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் கடோலினியம் மருந்து செலுத்தினால், படிவைப் போர்த்தியிருக்கும் நார்த்திசு மூடி ஒளிரும், அதன் அடியிலுள்ள கொழுப்புக் கரு மங்கியே கிடக்கும். அந்த மூடி மெலிந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்பதை அங்கேதான் தேடுகிறோம்.

இதற்கு நோயாளியின் ஒத்துழைப்பு மிகவும் தேவை. கழுத்தில் குறிப்பலையைப் பிடிக்கும் சிறப்புக் கம்பிச்சுருளை (காயில்) பொருத்திப் படுக்கவைத்து, 'சத்தம் வரும்போது எச்சில் விழுங்காதீர்கள்' என்பேன். சொன்ன மாத்திரத்தில் எல்லோருக்கும் விழுங்கத் தோன்றிவிடும்! ஒருமுறை விழுங்கினாலும் அரை மில்லிமீட்டர் நுட்பத்தில் எடுக்கும் படம் கலங்கிப்போகும்.

அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வுக் குழுவொன்று 2006இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துத் தமனியில் 50 முதல் 79 சதவீத அடைப்பு இருந்தும் அறிகுறி ஏதும் இல்லாத 154 பேர் சராசரியாக 38 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். மெலிந்த அல்லது கிழிந்த மூடியும் படிவுக்குள் கசிவும் இருந்தவர்களுக்கே மூளைத் தாக்குதலோ (பக்கவாதம்) அதன் தற்காலிக வடிவமோ கூடுதலாக வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 12 பேர்தான் என்பதால் அதன் எண்களை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் ஒரே அளவு அடைப்புள்ள இருவருக்கு ஒரே அளவு ஆபத்து இல்லை என்பது என் துணிபு.

மருந்தின் பலனையும் சுவரில் காணலாம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மருந்தை உட்கொண்ட 18 பேரின் பெருந்தமனியிலும் கழுத்துத் தமனியிலும் 12 மாதங்களில் சுவரின் பரப்பு குறைந்தது. உள்வழியோ அப்படியே இருந்தது. ஆஞ்சியோகிராம் மட்டும் எடுத்திருந்தால், மாற்றமேதும் இல்லை என்று எழுதியிருப்போம்.

கழுத்துத் தமனி தோலுக்கு அருகில், பெரிதும் அசையாமல் இருப்பது நமக்கு வசதி. இதயத் தமனியோ மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உடையது. துடிப்போடும் மூச்சோடும் ஓயாமல் அசைவது. அங்கே வெடிக்கும் தறுவாயிலுள்ள மூடியின் தடிமன் 65 மைக்ரானுக்கும் (0.065 மில்லிமீட்டர்) குறைவு என்பதால், இன்றைய எம்.ஆர்.ஐ. கருவியால் அதை அளக்க முடியாது. கழுத்தில் அடைப்பு இருக்கிறதா என்பதற்கு முதலில் ஒலியலைகளால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனே போதும். அறுவை சிகிச்சையா, மருந்தா என்று முடிவெடுக்கத் தயங்கும் நிலையில்தான் சுவரின் எம்.ஆர்.ஐ. படத்தை நான் பரிந்துரைப்பேன். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ஸ்கேன் அறைக்குள் வருமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.