நாலு மணிப் பசியும் ஞாயிற்றுக்கிழமைப் புரோட்டாவும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உடற்கல்வி ஆசிரியர் என்ற முறையில், பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். பயிற்சி முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார்தான் பெரும்பாலும் கேட்பார்கள். "சார், ஓடிச்சாடி விளையாடுற பய தானே, எப்பமாவது புரோட்டாவோ சிக்கன் ஃப்ரையோ வாங்கிக் குடுத்தா என்ன? எல்லாம் செரிச்சிரும்லா?"

எப்போதாவது கொடுக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் "விளையாடுகிறான், அதனால் கொடுக்கலாம்" என்ற காரணம் சரியில்லை. அந்தக் காரணம் நம் வீடுகளில் வேரூன்றிப் போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 30 கிலோ எடையுள்ள ஒரு பையன் ஒரு மணி நேரம் கால்பந்து ஆடினால் ஏறக்குறைய 200 கலோரி செலவாகும். எண்ணெய் ஊற்றிச் சுட்ட ஒரு புரோட்டா மட்டுமே 250 கலோரிக்குக் குறையாது. இரண்டு புரோட்டா, மேலே சால்னா, பக்கத்தில் ஒரு குளிர்பானம் என்றால், பையன் சாயங்காலம் முழுக்க ஓடியதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். "ஓடினால் செரித்துவிடும்" என்பது இங்கேயே நிற்கவில்லை.

எனக்கு இந்தக் கலோரிக் கணக்கைவிடப் பெரிய கவலை வேறு. வளர்கிற பிள்ளைக்கு 10 வயதிலிருந்து 12 வயதுக்குள் ஒரு நாளைக்கு 850 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. விளையாடுகிற பிள்ளையின் எலும்பு தினமும் அடி தாங்குகிறது, தசை தினமும் களைத்து மறுபடி தேறுகிறது. அதற்கு வேண்டிய சரக்கு சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். மைதாவில் அந்தச் சத்து மிகக் குறைவு. மைதா வயிற்றை அடைத்துக்கொண்டால், மீனுக்கும் பயறுக்கும் கீரைக்கும் அங்கே இடமில்லை. விளையாடாத பிள்ளையைவிட விளையாடுகிற பிள்ளைக்குத்தான் நல்ல சாப்பாடு கூடுதலாக வேண்டும். நம் வீடுகளில் இது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது.

சரி, பிள்ளைகள் கடைத் தீனிக்குப் பழகுவது எங்கே? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகும்போது அல்ல. பள்ளிக்கூடம் விட்டு மைதானத்துக்கு வரும் வழியில்தான் பழகுகிறார்கள்.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை நாலேகாலுக்குப் பள்ளியிலிருந்து வெளியே வருகிறது. வீடு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். பயிற்சி நாலே முக்காலுக்கு. இடையில் இருப்பது ஒரு பேக்கரி. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பேக்கரி இல்லாத முக்கு எங்கே இருக்கிறது? கையில் இருக்கும் காசுக்கு ஒரு முட்டை பப்ஸ், கூடவே ஒரு கலர் சோடா. பப்ஸைச் சுற்றிய காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும், அவ்வளவு எண்ணெய் ஊறியிருக்கும். பத்து நிமிஷத்தில் தின்று முடித்துவிட்டு மைதானத்துக்கு ஓடி வருவான். முதல் இரண்டு சுற்று நன்றாக ஓடுவான். மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "வயறு பிடிக்கு சார்" என்பான். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு இறங்க மணிக்கணக்கில் ஆகும். அதைச் சுமந்துகொண்டு ஓடச் சொன்னால் வயிறு பிடிக்கத்தான் செய்யும்.

அந்தப் பையனைத் திட்டி என்ன பயன்? அவன் ருசிக்காகப் போகவில்லை, பசிக்காகப் போனான். தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தை எடுத்துத்தான் உடம்பு ஓடுகிறது. பிள்ளைகளுக்கு அந்தச் சேமிப்பு பெரியவர்களைவிடக் குறைவு. நாலு மணிக்கு அது குறையத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் கையில் எதுவும் இல்லாமல் பிள்ளையை அனுப்பிவிட்டு, "கடையில் தின்னாதே" என்று சொல்வது நியாயமே இல்லை.

ஆகவே, பெற்றோர் கவனிக்க வேண்டிய நேரம் சாயங்காலம் நாலு மணி. அந்த நேரத்துக்கு ஒரு சின்ன டப்பா பையில் இருந்துவிட்டால், பேக்கரி வாசலில் பிள்ளையின் கால் நிற்காது.

என்ன கொடுக்கலாம்? நம்மிடம் இல்லாததா? மட்டிப்பழம் இருக்கிறது. 2023-ல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அத்தனை பெருமை உள்ள பழம் இது. மெல்லிய தோல், உரிக்கும்போதே மணம் எழும், பிள்ளையின் கைக்குள் அடங்கும். இரண்டு பழமும் ஒரு பிடி வறுத்த கடலையும் இருந்தால் ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தாராளம். அவலில் தேங்காய் துருவிப் போட்டுக் கருப்பட்டி பொடித்துக் கலந்தால் அடுப்பே வேண்டாம். ஏத்தன்பழத்தை, அதாவது நேந்திரம்பழத்தை, ஆவியில் அவித்துக் கொடுக்கலாம். அவித்த முட்டை ஒன்று வைக்கலாம். எனக்குத் தெரியும், ரப்பர் வெட்டப் போகும் வீட்டிலும் முந்திரி ஆலைக்குப் போகும் வீட்டிலும் மீன் விற்கப் போகும் வீட்டிலும் அம்மா பிள்ளை விழிக்கும் முன்னே புறப்பட்டுவிடுவார். பழமும் கடலையும் டப்பாவில் எடுத்துவைக்க அம்மாதான் வேண்டுமா? அப்பாவும் செய்யலாம், பத்து வயதுப் பிள்ளையே செய்துகொள்ளலாம்.

இங்கே மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. டப்பாவில் அவித்த மரச்சீனி கொண்டுவரும் பிள்ளைகள் அதை மூடி மறைத்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவன் பாக்கெட் சிப்ஸைப் பெருமையாகப் பிரிப்பான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மக்களிடையே பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, நம் தாத்தா பாட்டிமாரின் வயிற்றை நிறைத்தது இதுதான். அந்தக் காலத்து நினைவினால்தானோ என்னவோ இதற்கு ஏழைச் சாப்பாடு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கூச்சத்தைப் பெற்றோர்தான் முதலில் விடவேண்டும். கிழங்கில் மாவுச்சத்து மட்டும்தான், புரதம் மிகக் குறைவு. அதனால்தான் நம்மவர்கள் அதைச் சாளை (மத்தி) மீன் குழம்போடு சேர்த்துத் தின்றார்கள். சாளையில் புரதமும் இருக்கிறது, இதயத்துக்கு நல்ல கொழுப்பும் இருக்கிறது. நெத்தோலியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்து தனியாக. பயிற்சி முடிந்து ஏழு மணிக்கு வீடு வரும் பிள்ளைக்குக் கிழங்கும் மீன்குழம்பும், இல்லையென்றால் உப்புப் போட்ட கஞ்சியும் பயறும் கொடுங்கள். களைத்த தசைக்கு வேண்டிய மாவும் புரதமும், வியர்வையில் போன உப்பும் நீரும் அந்த ஒரே தட்டில் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் புரதப் பொடி எதுவும் பிள்ளைக்குத் தேவையில்லை.

அடுத்து, "எப்போதாவது" என்றால் எவ்வளவு? இதில்தான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். "நாங்க மாசத்துக்கு ஒரு தடவைதான் சார் ஓட்டலுக்குப் போறது" என்பார்கள். உண்மைதான். ஆனால் திங்கட்கிழமை பப்ஸ், புதன்கிழமை பாக்கெட் நூடுல்ஸ், வெள்ளிக்கிழமை சிப்ஸ், யாரோ ஒருவன் பிறந்தநாளுக்கு கேக், சனிக்கிழமை பயிற்சிக்குப் பிறகு ஃபிரைட் ரைஸ். இவை எதுவும் கணக்கில் வருவதில்லை. ஒரு சின்ன பாக்கெட் நூடுல்ஸில் மட்டும் ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு.

முன்பு இந்தக் கணக்கைக் காலண்டரே பார்த்துக்கொண்டது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கல்யாண வீட்டில், பண்டிகையில் வந்தன. மண்டைக்காட்டுக் கொடைக்கும் கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கும் போனால் கடைத்தெருவில் எண்ணெய்ப் பலகாரம் கிடைத்தது. திருவிழா முடிந்தால் பலகாரமும் முடிந்தது. இன்று தினமும் கடை திறந்திருக்கிறது, போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆகவே நாள் குறிப்பது நம் வேலையாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில் மாதம் இரண்டு தடவை, பப்ஸ் நூடுல்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி, போதும். ஒரேயடியாகத் தடை போடச் சொல்லவில்லை. அப்படித் தடுத்த வீட்டுப் பிள்ளை நண்பன் வீட்டில் கிடைத்தால் அளவில்லாமல் தின்னும். என்றைக்குக் கிடைக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் தினமும் கேட்காது.

கடைக்குப் போகும் அன்று சில விஷயங்களைப் பாருங்கள். வாணலியில் எண்ணெய் கறுத்துக் குழம்பி, நுரை கட்டி நிற்கிறதா? அந்தக் கடை வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே வரம்பு வைத்திருக்கிறது. நம் கண்ணுக்கு அந்த நிறமே போதிய எச்சரிக்கை. ஷவர்மாவோடு வரும் மயோனைஸைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் கிருமி வளரும் ஆபத்து உண்டு என்பதால்தான் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது. பொரித்ததைவிடச் சுட்டது மேல். அப்போதைக்கப்போது சூடாகச் செய்வதை வாங்குங்கள். கூட ஒரு தண்ணீர் பாட்டில் போதும். 250 மில்லி கோலாவில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை, ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் முழுக்கப் போதுமான சர்க்கரை அந்த ஒரு பாட்டிலில் தீர்ந்துவிடுகிறது.

ஒன்றில் மட்டும் நான் "எப்போதாவது" என்றுகூடச் சொல்ல மாட்டேன். பெரிய பையன்கள் போட்டிக்கு முன்னால் டப்பாவில் வரும் எனர்ஜி ட்ரிங்க் குடிக்கிறார்கள். அது குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அந்த டப்பாவிலேயே அச்சடித்திருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் இருக்கும் காஃபின் பிள்ளையின் நெஞ்சைப் படபடக்க வைக்கும், இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். வெயிலில் ஆடப் போகிறவனுக்கு இளநீர் கொடுங்கள், உப்புப் போட்ட மோர் கொடுங்கள். பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்ற விதி 2020-லேயே வந்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இதைக் கேட்டு நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 13 வயதுப் பெண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும், அதே வயதுப் பையனுக்கு 22 போதும். கபடியிலும் ஓட்டத்திலும் நன்றாக வரும் பெண்கள் திடீரென்று மூச்சு வாங்கிச் சோர்ந்தால் சோம்பல் என்று நினைக்காதீர்கள், ரத்தத்தைப் பரிசோதியுங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, பயறு, மீன் இவற்றோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ கொடுத்தால் சேராது. இந்தப் பிள்ளைகளுக்குக் கடைச் சாப்பாட்டு நாள்களை இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது.

கோல் போட்டால் ஷவர்மா, தோற்றால் இல்லை என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். கடையில் சாப்பிடுவது குடும்பமாக உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் ஒரு நாளாக இருக்கட்டும். விளையாட்டுக்குக் கூலியாக அது மாறிவிட்டால், கூலி நின்ற அன்று ஆட்டமும் நின்றுவிடும்.

கடைசியாக, போட்டி நாளில் என்ன கொடுக்கலாம் என்றும் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. காலையில் புதிதாக எதையும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். ஆட்டம் பத்து மணிக்கு என்றால் ஏழு, ஏழரைக்குள் வழக்கமான இட்லியோ புட்டும் பழமுமோ கொடுத்துவிடுங்கள். ஒன்பதேகாலுக்கு ஒரு மட்டிப்பழம், அவ்வப்போது இரண்டு வாய் தண்ணீர். எண்ணெயில் பொரித்த எதுவும் ஆட்டம் முடியும் வரை வேண்டாம். சாயங்காலம் கூட்டாளிகளோடு புரோட்டாக் கடைக்குப் போகிறேன் என்று கேட்டால், போய்வரட்டும். அந்த மாதத்து இரண்டில் ஒன்றாக அதை எண்ணிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.