அவசரப்படாத ஆட்டக்காரர்

பெரியோர்களே, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் ஜெர்சியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

நம் பிள்ளைகளுக்குக் காற்பந்துதான் உயிர். கூடைப்பந்துத் திடல் பக்கம் போகிறவர்கள் குறைவு. அதனால் இன்று ஒரு தீவுக்காரரைப் பற்றிப் பேசுகிறேன். பெயர் டிம் டங்கன், அமெரிக்காவில் ஆடிய கூடைப்பந்து ஆட்டக்காரர். 1976இல் பிறந்தவர். ஊர் கரீபியக் கடலில் உள்ள செயின்ட் குரோய், நம் பினாங்குத் தீவைவிடச் சின்னது.

முதலில் அவர் நீச்சல்காரர். அக்காள் டிரிஷா 1988 சோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பியும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் அடித்து, அவர் பயிற்சி செய்த பெரிய குளம் பாழானது. சரி, கடலில் நீந்தலாமே என்றால், பையனுக்குச் சுறா என்றால் பயம்! அடுத்த ஏப்ரலில், 14ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அம்மா மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். நீச்சல் அதோடு நின்றது.

அப்புறம் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர் இன்னோர் அக்காளின் வீட்டுக்காரர். மைத்துனன் இவ்வளவு வளர்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கூடையிலிருந்து தள்ளி நின்று ஆடும் கார்டுக்கு உரிய காலடிகளைப் பழக்கினார். பையனோ ஆறடி பதினோரு அங்குலம் வளர்ந்துவிட்டான். நெட்டையர்களிடம் எளிதில் காணக் கிடைக்காத கால்வாகு அப்படி வந்தது.

அவருடைய ஷாட்டை யூடியூபில் பாருங்கள், தம்பிகளா. கூடைக்கு இடப்பக்கம், சாய்வான கோணத்தில் நிற்பார். ஒரு காலை முன்னே வைத்து எதிராளியை ஏய்ப்பார். எதிராளி அரை அடி பின்வாங்கியதும் பந்தைக் கூடைக்குப் பின்னால் இருக்கும் போர்டில் தட்டி உள்ளே இறக்குவார். அடுத்து என்ன வரும் என்று அரங்கத்துக்கே தெரியும், ஆனாலும் தடுக்க முடியாது. பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். இன்னொரு பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரரான ஷாகில் ஓ நீல் அவருக்கு 'பிக் ஃபண்டமென்டல்', அதாவது அடிப்படைகளில் பெரிய ஆள், என்று பட்டப்பெயர் வைத்ததும் இதற்காகத்தான்.

டியூஷனா, டிரெய்னிங்கா என்று வீட்டில் மல்லுக்கட்டும் பெற்றோர் இதைக் கேளுங்கள். பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் டங்கன். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ முன்பே அழைத்தும், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் இருந்து உளவியல் முடித்தார். வாய்ப்பு எங்கும் ஓடிப்போகவில்லை. 1997இல் என்பிஏ குழுக்கள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் குழு முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தது. 1999, 2003, 2005, 2007 என நான்கு கோப்பைகள்.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது 2012ஐ. சுமார் 21 மில்லியன் டாலர் சம்பளம் வாங்கியவர், புது ஒப்பந்தத்தில் 10 மில்லியனுக்கும் குறைவாக ஒப்புக்கொண்டார். என்பிஏயில் ஒரு குழு சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு வரம்பு உண்டு. மூத்தவர் விட்டுக்கொடுத்தால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். சக ஆட்டக்காரர்கள் போரிஸ் டியாவும் டேனி கிரீனும் அந்த ஆண்டு குழுவிலேயே தங்கினார்கள்.

2013 இறுதிச்சுற்று, மயாமி குழுவுக்கு எதிராக ஏழாவது ஆட்டம். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது, இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், கூடைக்குப் பக்கத்திலேயே டங்கனின் ஷாட் தவறியது. திரும்பி ஓடியவர் இரு கையாலும் தரையை ஓங்கி அறைந்தார். அவர் கோபப்பட்டு அதிகம் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு இறுதிச்சுற்றில் அதே மயாமியை நான்கு ஆட்டங்களில் சாய்த்து, ஒன்றில் மட்டும் தோற்று, ஐந்தாவது கோப்பையையும் எடுத்தார்கள். மூன்றாவது ஆட்டத்திலிருந்து தொடக்க ஐவரில் ஒருவர் அந்த டியாவ்தான்! டங்கனுக்கு அப்போது வயது 38.

2016இல் ஓய்வு பெற்றார். 19 சீசன், ஒரே குழு. அறிவிப்பைக் குழு வெளியிட்டது. அவர் செய்தியாளர் கூட்டம்கூட வைக்கவில்லை.

சரி, கேள்வி இருந்தால் கேளுங்கள். டங்கனா, ஓ நீலா என்ற சண்டையை மட்டும் தேநீருக்கு அப்புறம் வைத்துக்கொள்வோம்.