தட்டு யாருடையது?

நடுவர் அவர்களுக்கும் டர்பன் தமிழ் மக்களுக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்களே தீர்த்துவிட்டார்கள்.

தலைப்பு தெரியும். இந்தத் தென்னாப்பிரிக்க மண்ணில் காந்தி நடத்திய அறப்போரைத் தாங்கியது செல்வரின் கொடையா, எளியவரின் தியாகமா? கொடைதான். 1910இல் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர், சிறை சென்றவர்களின் குடும்பங்கள் தங்குவதற்கு 1,100 ஏக்கர் டால்ஸ்டாய் பண்ணையை வாடகை வாங்காமல் கொடுத்தார். ஜாம்ஷெட்ஜி டாடாவின் மகன் ரத்தன் டாடா 25,000 ரூபாய் அனுப்பினார். இதையெல்லாம் விரிவாகப் பேசத்தான் எழுந்தேன். எதிரணித் தங்கை விட்டால்தானே!

"உங்கள் வள்ளல் பார்சி ருஸ்தம்ஜி சுங்கவரி ஏய்த்த டர்பன் வியாபாரி. கள்ளச்சரக்குக் காசில் என்ன கொடை?" என்று கேட்டுக் கைதட்டலையும் அள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஏய்த்தார், தங்கையே. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சரக்கு வரும். சுங்க அதிகாரிகள் நண்பர்கள். அவர் நீட்டிய விலைச்சீட்டை நம்பி வரி போட்டார்கள். குட்டு வெளிப்பட்டதும் காந்தியிடம் ஓடிக் கண்ணீர் விட்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொள் என்றார் காந்தி. ஒப்புக்கொண்டு, ஏய்த்ததைப் போல் இரண்டு மடங்கு கட்டினார். தங்கை விழுங்கிய மிச்சக் கதை இதுதான்: நடந்தது முழுவதையும் எழுதிச் சட்டம் போட்டுத் தன் அலுவலகச் சுவரில் மாட்டினார், வாரிசுகளும் மற்ற வியாபாரிகளும் பார்க்கட்டும் என்று!

நம் கடைகளில் என்ன மாட்டுகிறோம்? லட்சுமி படம். தாத்தா படம். அமைச்சரோடு கைகுலுக்கிய படம். தன் திருட்டைச் சட்டம் போட்டு மாட்டியவர் யாராவது இந்த அரங்கில் உண்டா? கையைத் தூக்குங்கள். அதோ, முன்வரிசை மாமா தூக்குகிறார்! இல்லை, முதுகைச் சொறிகிறார்.

இனி என் தட்டுக் கதைக்கு வருகிறேன். 1897 ஜனவரி 13. கப்பலிலிருந்து இறங்கிய காந்தியை இதே ஊரில் வெள்ளையர் கூட்டம் அடித்து நொறுக்கியது. போலீஸ் அதிகாரியின் மனைவி குடையை விரித்துக் குறுக்கே நின்றார். அடிபட்டவர் போய்ச் சேர்ந்த வீடு எது? ருஸ்தம்ஜியின் வீடு. இரவில் கூட்டம் அந்த வீட்டைச் சூழ்ந்து "காந்தியைக் கொடு" என்று கத்துகிறது. போலீஸ் அதிகாரி வாசலில் பாட்டுப் பாடி அவர்களைச் சிரிக்கவைக்கிறார். உள்ளே காந்திக்கு இந்தியக் கான்ஸ்டபிள் வேடம் நடக்கிறது. உடுப்பு கிடைத்துவிட்டது. தலையில் கல் விழுந்தால்? ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மதராசித் துண்டைச் சுற்றினார்கள். ஆம் ஐயா, நம் துண்டு! பொறுங்கள், கைதட்டலை அதற்குள் செலவழிக்காதீர்கள். துண்டு நம்முடையது, சரி. உள்ளே இருந்த தட்டு? காந்தி கப்பலிலிருந்து சாப்பாட்டுத் தட்டையா கையில் பிடித்துக்கொண்டு வந்தார்? அது ருஸ்தம்ஜி வீட்டுச் சமையலறைத் தட்டாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். துண்டு ஊருக்குத் தெரிந்தது. தலையைக் காப்பதற்காக வைத்தது தட்டை! தங்கையே, குறித்துக்கொள்ளுங்கள்: துண்டு தியாகம், தட்டு கொடை.

கொடுத்ததோடு அவர் வீட்டில் உட்காரவில்லை. 1913இல் கஸ்தூரிபாவோடு கைதான முதல் குழுவில் அவரும் ஒருவர். மூன்று மாதக் கடுங்காவல். அதே போராட்டத்தில்தான் நம் வள்ளியம்மை காய்ச்சலோடு சிறையிலிருந்து திரும்பி, 1914 பிப்ரவரி 22இல் கண்ணை மூடினாள். பதினாறு வயது. அவள் பெயரைச் சொன்னபிறகு எனக்கு வாதம் வரவில்லை, நடுவர் அவர்களே.

என் கொள்ளுப்பாட்டி கரும்புத் தோட்டத்துக் கூலி. 1913 வேலைநிறுத்தத்தில் கூலிகளின் லைன் வீடுகளில் அடுப்பு எரியாத நாட்களிலும், தன் பங்கு அரிசியில் ஒரு பிடியை ஒரு பித்தளைத் தட்டில் ஒதுக்கி, சிறைக்குப் போனவனின் பிள்ளைகளுக்குக் கொடுத்தாளாம். என் அம்மா சொல்லுவாள். சொல்லும்போதெல்லாம் அந்தத் தட்டைப் புளிபோட்டு விளக்கிக்கொண்டிருப்பாள். இருந்ததே ஒரு பிடி, அதையும் கொடுத்தாள். அவளை எந்த அணியில் உட்காரவைப்பேன்? தங்கையே, உங்கள் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே, அவளுக்குக் கொடுப்பீர்களா?

மணி அடித்துவிட்டீர்கள். சரி. தட்டு வீட்டில்தான் இருக்கிறது, ஓரம் நசுங்கி.