பழைய போர் விமானத்துக்கு எது உண்மையான நிறம்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஏ.எல். படிக்கிற தம்பி ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது எழும்பிப் பறந்த பிரித்தானிய ஹரிக்கேன் சண்டை விமானத்தின் மாதிரி ஒன்றைப் பாடசாலைக் கண்காட்சிக்குச் செய்கிறாராம். "அண்ணா, ஒரே விமானத்தை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறத்தில் காட்டுகிறார்கள். இங்கிலாந்தில் திருத்திப் பறக்கவிடுகிற பழைய விமானங்களோ கண்ணாடிபோல மின்னுகின்றன. போர் நடந்தபோதும் இப்படித்தான் இருந்தனவா? உண்மையான நிறத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" இதுதான் கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி தம்பி. கிளிநொச்சியில் பழைய வாகனங்களுக்குப் பெயின்ற் அடிப்பதுதான் என் தொழில் என்று தெரிந்து கேட்டீர்களோ என்னவோ. முதலில் இதைப் பாருங்கள். கமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாருங்கள்.

இது ஒரு பழைய மசி பெர்குசன் உழவு இயந்திரத்தின் மட்காட். இந்த இடத்தில் மெல்லிய வோட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு விட்டு, இரண்டு ரூபாய்க் குற்றியளவுக்கு வட்டமாகத் தேய்த்திருக்கிறேன். மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாகத் தெரிகிறது, பாருங்கள். வெளியே இருப்பது பிந்தி அடித்த சிவப்பு. அதற்கு உள்ளே கரும்பச்சை. அதற்குள்ளே இன்னொரு சிவப்பு, கொஞ்சம் மங்கலானது. பிறகு சாம்பல் நிறப் பிரைமர், நடுவில் வெறும் இரும்பு. பச்சையைக் கண்டதும் நான் சொந்தக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான் சொன்னார், மேலே சுற்றுகிற விமானத்துக்குச் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்று அவருடைய ஐயா ஒரே இரவில் தும்புத்தடியால் அடித்த பச்சையாம் அது. தூரிகை கூட இல்லை. கோடு கோடாகப் பதிந்திருக்கிறது, இன்னும் தெரிகிறது.

விமானம் திருத்துகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பழைய தகட்டில், முக்கியமாக மூடிகளின் உட்புறம், இறக்கை பொருந்துகிற மூலை, இலக்கத்தகட்டின் பின்புறம் போன்ற வெயில் படாத இடங்களில் இப்படித் தேய்த்து அடுக்குகளைப் பார்ப்பார்கள். கிடைத்த நிறத்தை அந்தக் காலத்து அரச நிற அட்டைகளோடு ஒப்பிடுவார்கள். வெயிலில் கிடந்த பெயின்ற் வெளிறிவிடும், உட்புறத்தில் இருப்பது அவ்வளவு மாறாது. அதனால்தான் அந்த மூலைகளைத் தேடுகிறார்கள்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அந்தப் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டால் பிறகு கேட்பதற்குச் சாட்சி இல்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் 'ஃபிளாக் பெய்ட்' என்ற பி-26 குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. 200க்கு மேற்பட்ட தடவைகள் போருக்குப் போய்த் திரும்பியது. உடம்பில் 1,000க்கு மேற்பட்ட ஓட்டைகளுக்கு ஒட்டுப்போட்ட அடையாளம். அதற்குப் புதுப் பெயின்ற் அடிக்காமல், போரில் அடித்த அதே பூச்சைச் சுத்தம் செய்து, உதிராமல் காப்பாற்றுகிறார்கள். அதுதான் சரியான வேலை என்று நான் நினைக்கிறேன். அதற்கு எதிர்ப்பக்கம், எகிப்துப் பாலைவனத்தில் 1942இல் இறங்கிய கிட்டிஹோக் விமானம் ஒன்றை 2012இல் கண்டெடுத்தார்கள். 70 வருடக் காற்றும் மணலும் தேய்த்தபடி அப்படியே கிடந்தது. அதைக் கொண்டுபோய்ப் புதிதாகப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிற படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. நிறமும் பிழை, இருந்த சாட்சியும் போய்விட்டது.

சரி, அடுக்கு கிடைக்காவிட்டால் புகைப்படம்தானே என்பீர்கள். அங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது தம்பி. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இரண்டு வகைப் படச்சுருள் (பிலிம்) உண்டு. ஒருவகைச் சுருள் சிவப்பை அறவே உணராது, மஞ்சளையும் சரியாக உணராது, நீலத்தை மட்டும் வெளிறக் காட்டும். பிரித்தானிய விமானத்தில் நாட்டை அடையாளம் காட்ட அடிக்கிற வட்டக்குறியில் வெளிவளையம் நல்ல மஞ்சள். அந்தச் சுருளில் எடுத்த படத்தில் அது கறுப்பாகத் தெரியும். பார்த்தவர் கறுப்பு என்று நினைத்து அடித்தால் முடிந்தது கதை. அதனால் ஒரே விமானத்தின் இரண்டு மூன்று படங்களை வைத்து, எது எந்தச் சுருளில் எடுத்தது என்று முதலில் பிரிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஒரே விமானம் ஏன் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறத்தில்? ஏனென்றால் போரில் ஒரு விமானத்துக்கு ஒரே நிறம் இருக்கவே இல்லை. எந்த நிறம் என்று கேட்க முன்னம் எந்தத் திகதி என்று கேட்க வேண்டும். அமெரிக்க விமானத்தின் நட்சத்திரத்துக்கு நடுவில் இருந்த சிவப்புப் பொட்டை 1942 மே மாதம் அழித்தார்கள், ஜப்பானியச் சூரியனோடு குழம்பக்கூடாது என்று. அதே காரணத்துக்காக இந்தியா, இலங்கை, பர்மா பக்கம் பறந்த பிரித்தானிய விமானங்களின் வட்டக்குறியிலிருந்தும் சிவப்பை எடுத்துவிட்டார்கள். பிறகு கருநீலமும் இளநீலமும் மட்டும்தான். அப்போது சுடுகிறவனுக்கு யோசிக்க ஒரு நொடி கூட இல்லை, தூரத்தில் ஒரு சிவப்புத் தெரிந்தால் சொந்த விமானத்தையே விழுத்திவிடுவான்.

இங்கிலாந்தின் நினைவு விமானப் பிரிவில் ஒரு ஹரிக்கேன் இருக்கிறது, இலக்கம் பி.இசட். 865. 1944இல் தொழிற்சாலையை விட்டு வந்த கடைசி ஹரிக்கேன் அது. அவர்கள் பெரிய பராமரிப்பு வருகிறபோது விமானங்களின் நிறத்தை மாற்றுவார்கள், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விமானியின் நினைவாக. சில வருடங்கள் இந்த ஹரிக்கேன் அந்தச் சிவப்பில்லாத நீல வட்டத்தோடு பறந்தது. அது ஜிம்மி வேலன் என்ற கனடிய விமானியின் விமானத்தைப் பார்த்துச் செய்தது. அவர் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பு வானில் சண்டையிட்டவர், 1944இல் வடகிழக்கு இந்தியாவில் கொஹிமாப் பக்கம் இறந்துபோனார். நம்முடைய தீவின் கதை ஒன்று இங்கிலாந்து வானத்தில் பறந்திருக்கிறது. நான் அந்தக் காணொளியை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது.

ஆனால் கவனியுங்கள் தம்பி, அது 1944ஆம் ஆண்டு வட்டம். உங்கள் மாதிரி 1942 ஏப்ரல். அப்போது சிவப்பு இருந்தது. உடலின் பக்கத்தில் வெளியே மஞ்சள், பிறகு நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு, வளையங்கள் ஒரே அகலம். இறக்கையின் மேலே நீலமும் நடுவில் சிவப்பும் மட்டும். அந்தக் காணொளியைப் பார்த்து இளநீலம் அடித்துவிடாதீர்கள்.

அடுத்தது மினுக்கம். போர்க்காலத்து மறைப்பு நிறங்களுக்கு வெயில் பட்டால் மின்னக்கூடாது. மின்னினால் பல மைல் தூரத்தில் காட்டிக்கொடுக்கும். அதனால் மங்கலான பெயின்ற்தான் அடித்தார்கள். இப்போது திருத்துகிறவர்கள் பெரும்பாலும் இக்காலத்துப் பூச்சை அடிக்கிறார்கள், ஏனென்றால் மங்கல் பெயின்ற் எண்ணெயையும் புழுதியையும் உறிஞ்சிக் கறை பிடிக்கும், அந்த விமானமோ இன்னும் பல வருடம் பறக்க வேண்டும். அது விளங்குகிறது. அமெரிக்க முஸ்டாங் சண்டை விமானங்களைக் கண்ணாடிபோலத் தேய்த்து வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது. தொழிற்சாலையில் முஸ்டாங்கின் இறக்கையில் தகடு பொருந்துகிற இடங்களையும் ஆணித் தலைகளையும் புட்டிப் பசையால் நிரப்பி, மட்டமாக்கி, மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்தார்கள். காற்று வழுக்கிப்போக வேண்டும் என்பதற்காக. இறக்கையில் வெறும் தகடு மின்னவே இல்லை. 1944 ஜூனில் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்க முதல் அடித்த கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் அப்படித்தான். ஓரிரு நாளில் ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு அடிக்க வேண்டியிருந்தது. பல இடங்களில் கையில் கிடைத்த தூரிகையால், கோடு கோணலாக, வழிய வழிய அடித்தார்கள். இன்றைக்கு நாடா ஒட்டி நேராக அடிக்கிற பட்டையில் அந்த அவசரம் இல்லை. நான் மட்காட்டில் அந்தத் தும்புத்தடிக் கோட்டை மூடாமல் ஒரு உள்ளங்கையளவு விட்டுவைக்கப் போகிறேன். சொந்தக்காரரும் சரி என்றுவிட்டார்.

இன்னொன்று, அடிப்பக்கம். மாதிரி செய்கிற பிள்ளைகள் அதைத்தான் அலட்சியமாக விடுவார்கள். வன்னியில் நாங்கள் விமானத்தை மேலிருந்து பார்த்ததில்லை. விமானப்படையின் கிபிர் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் குதித்து, வாசலால் அண்ணாந்து பார்த்தது அதன் வயிற்றைத்தான். சத்தம் ஒரு பக்கம் கேட்கும், கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. அடிப்பக்க நிறத்தின் வேலை அது என்று பிறகு படித்தபோதுதான் விளங்கியது. பிரித்தானியச் சண்டை விமானங்களுக்குப் போரின் தொடக்கத்தில் அடிப்பக்கம் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. நிலத்தில் நிற்கிற சொந்தப் படை அடையாளம் காணட்டும் என்று. 1940 நடுப்பகுதியில் அதை மாற்றி, வாத்து முட்டை ஓடு மாதிரி இளம் பச்சை கலந்த வெளிர் நிறம் அடித்தார்கள். பெயரே 'வானம்'. மேல்பக்கம் மண்நிறமும் கரும்பச்சையும், மேலிருந்து பார்க்கிறவனுக்கு வயலும் காடும். கடல்மேல் பறக்கிறவைக்கு வேறு. நம்முடைய வவுனியா விமானத்தளம் அந்தப் போரில் வந்ததுதான். அங்கே நின்றவற்றில் கடலுக்குப் போகிற பியூஃபோர்ட் விமானங்களும் இருந்தன. அந்த மாதிரி விமானங்களுக்குச் சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும்தான் முறை. சுற்றிவரப் பாலை மரமும் முதிரை மரமும் நின்றாலும், வேலை எங்கேயோ அங்கேயுள்ள நிறம்.

தம்பி, முதலில் ஒரு விமானத்தையும் ஒரு திகதியையும் முடிவு செய்யுங்கள். பெயின்றுக்குள் மினுக்கம் போக்குகிற மங்கல் திரவம் கலவுங்கள். புகைக்குழாயின் பின்னால் கொஞ்சம் கரி, விமானி ஏறுகிற இடத்தில் கால்பட்டுத் தேய்ந்த தடம், அதையும் காட்டுங்கள். முடிந்ததும் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த காணொளியில் காட்டுகிறேன்.