ஜூரி நாடகத்தின் சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நீதிமன்ற நாடகம் ஒன்றைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் முதலில் கேட்பது ஒரு சொற்பட்டியல்தான். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று ஒரு தாள் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித் தாள்கள் தயாரித்துக் கொடுத்தவன்தான். பூட்டிய அறைக்குள் ஒரு மனிதனின் உயிரைப் பற்றிச் சிலர் வாதாடும் ஜூரி நாடகத்துக்கு மட்டும் அந்தத் தாள் உதவவில்லை. அங்கே மோதல் எழுவதே அருகருகே நிற்கும் இரண்டு சொற்களுக்கு இடையில் உள்ள சிறு வேறுபாட்டில்தான்.

ஜூரி என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். இதை நடுவர் குழு என்று மொழிபெயர்ப்பதுண்டு. ஆனால் நடுவர் என்றதும் நமக்குப் பட்டிமன்ற மேடை நினைவுக்கு வருகிறது. நீதிமன்றச் சொல்வழக்கிலோ குற்றவியல் நடுவர் என்பவர் சட்டம் பயின்ற ஒரு நீதிபதி. ஜூரியில் இருப்பவர்களோ சட்டம் பயிலாத பொதுமக்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவரும் இருக்கலாம், கணக்கு எழுதுபவரும் இருக்கலாம். சத்தியம் செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த பெயர் அது. என்ன நடந்தது என்பதை அவர்கள் முடிவு செய்ய, சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிபதி எடுத்துரைப்பார். இந்த வேலைப் பிரிவினை மறையாமல் இருக்க, ஜூரி என்றே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இதே காரணத்தால்தான் தீர்ப்பு என்ற சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. ஜூரி சொல்வதையும் நீதிபதி எழுதுவதையும் தமிழில் நாம் ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஜூரி சொல்வது குற்றம் நிரூபிக்கப்பட்டதா இல்லையா என்ற முடிவு மட்டுமே. அதை ஏற்று நீதிபதி பிறப்பிப்பது தீர்ப்பு. அதன்பின் வருவது தண்டனை. தண்டனையை நினைத்து நடுங்கும் ஒரு பாத்திரம் முடிவையே மாற்றிச் சொல்லத் துணியும்போது, இந்த மூன்றும் வேறு வேறு என்று அறிந்த வாசகருக்கே அதன் நடுக்கம் புரியும்.

அடுத்தது, மாணவர்கள் மிகுதியாகத் தவறும் இடம். 'குற்றவாளி அல்ல' என்ற முடிவை அவர்கள் 'நிரபராதி' என்று எழுதிவிடுகிறார்கள். நிரபராதி என்றால் குற்றமே செய்யாதவர். ஜூரி அப்படி எதையும் சான்றளிப்பதில்லை. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு உரியது, அந்தப் பொறுப்பை அது நிறைவேற்றவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஸ்காட்லாந்தில் 'குற்றவாளி', 'குற்றவாளி அல்ல' என்ற இரண்டு முடிவுகளோடு 'நிரூபிக்கப்படவில்லை' என்ற மூன்றாவது முடிவும் நெடுங்காலம் இருந்துவந்தது என்பதே இந்த நூலிழை வேறுபாடு எவ்வளவு தொல்லை கொடுத்திருக்கிறது என்பதைக் காட்டும்.

இனி, இவ்வகை நாடகங்களின் உயிர்நாடியான தொடருக்கு வருவோம்: நியாயமான சந்தேகம். தமிழில் சந்தேகம் என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. 'அவன்மேல் எனக்குச் சந்தேகம்' என்றால் அவன்தான் செய்திருப்பான் என்று நினைப்பது. 'நீ சொல்வதில் எனக்குச் சந்தேகம்' என்றால் சொன்னதை நம்பத் தயங்குவது. முதல் சந்தேகம் ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறது; இரண்டாவது சந்தேகம் அதே மனிதரை இறக்கிவிடுகிறது. ஜூரி அறையில் நடக்கும் சண்டையை முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு ஒவ்வொருவராக நகரும் பயணம் என்றே படிக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க நான் ஐயம் என்ற சொல்லை விரும்புகிறேன். நியாயமான என்ற அடைமொழியும் வெறும் அலங்காரமன்று. 'எதுவும் நடந்திருக்கலாமே' என்ற வீண் கற்பனை இங்கே செல்லாது. சாட்சியத்திலிருந்தோ அது இல்லாமையிலிருந்தோ, காரணம் சொல்லக்கூடிய ஐயமாக அது இருக்க வேண்டும். நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது அரசியல் சாசனமே விதிக்கும் கட்டாயம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் வெளிப்படையாகவே அறிவித்தது.

சாட்சி என்பவர் ஆள், சாட்சியம் என்பது அவர் சொன்னது, சான்றுப் பொருள் என்பது மேசைமீது வைக்கப்படும் கத்தியோ கடிதமோ. குறுக்கு விசாரணை, உள்நோக்கம், சந்தர்ப்ப சாட்சியம் ஆகியவை செய்தித்தாள் படிப்பவர்கள் அனைவரும் அறிந்தவை. அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஜூரி கூடிப் பேசி ஆராய்வதற்கு என்ன பெயர்? கலந்தாய்வு என்கிறோம். ஆனால் பழந்தமிழில் இதற்குத் தேர்தல் என்றே ஒரு சொல் இருந்தது. ஆராயாமல் தண்டித்த பாண்டியனைக் கண்ணகி 'தேரா மன்னா' என்று விளித்தது நினைவிருக்கும். இன்று தேர்தல் என்றால் வாக்குப்பெட்டிதான். ஜூரி அறையில் வாக்கெடுப்பு மீண்டும் மீண்டும் நடக்கிறது. ஆனால் பழைய பொருளில் தேர்தல் நடந்ததா என்பதே நாடகத்தின் கேள்வி. முன்முடிவு என்ற நல்ல சொல்லும் இங்கேதான் தேவைப்படுகிறது. ஆராய்வதற்கு முன்பே வந்துவிட்ட முடிவு அது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் தெருவையோ தோலையோ பார்த்தவுடனே பிறந்துவிடும்.

ஒருமனது என்பதையும் நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. சங்கக் கூட்டங்களில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்றால் யாரும் வாய் திறக்கவில்லை என்று பொருள். ஜூரியின் ஒருமனதோ ஒவ்வொருவரும் வாய் திறந்து அடைய வேண்டியது. இங்கிலாந்தில் 1967 முதல், பன்னிருவரில் பத்துப் பேர் ஒத்துக்கொண்டால் போதும் என்ற நிலையை நீதிபதி அனுமதிக்கலாம். அமெரிக்காவிலோ, கடுங்குற்ற வழக்குகளில் எல்லா மாநிலங்களிலும் ஒருமனதான முடிவு கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசிவரை ஒத்துப்போகவில்லையென்றால் அது முடிவுக்கு வராத ஜூரி. வழக்கைப் புதிய ஜூரியோடு மறுபடியும் நடத்தலாம். 1670இல் லண்டனில், நீதிபதிகள் விரும்பிய முடிவைச் சொல்ல மறுத்த ஜூரியை இரண்டு இரவுகள் உணவின்றி அடைத்து வைத்தார்கள். பின்னர் விதித்த அபராதத்தையும் எட்வர்ட் புஷெல் என்ற உறுப்பினர் கட்ட மறுக்க, முடிவுக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி அவருடைய வழக்கில்தான் நிலைபெற்றது.

இறுதியாக, இத்தகைய நாடகத்தைத் தமிழில் மேடையேற்றுவோருக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் 'நாட் கில்ட்டி' என்னும்போது மறுப்புச் சொல் முதலில் வந்துவிடுகிறது. ஜூரித் தலைவர் வாய் திறந்த கணமே கூண்டில் நிற்பவருக்கு விடை தெரிந்துவிடும். தமிழில் 'குற்றவாளி' என்ற சொல் முதலில் விழுகிறது, 'அல்ல' பின்னால் வருகிறது. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு மூச்சளவு இடைவெளி நம் மொழி இலவசமாகத் தந்திருக்கிறது. நடிகர் அதை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம்.